அட்வகேட் ஜெனரலுக்கு ஆபீஸ் எங்கே இருந்தது?

வடக்கே கஞ்சாம், தெற்கே திருநெல்வேலி, மேற்கே மலபாரும் தென் கன்னடமும். இவ்வளவு பெரிய மெட்ராஸ் மாகாணத்தை ஆண்ட அரசாங்கத்துக்கு எத்தனை வக்கீல்கள் இருந்திருப்பார்கள்? நாலு மாடிக் கட்டடம், நூறு குமாஸ்தா, வாசலில் டவாலி போட்ட பியூன்கள் என்றுதான் யாருக்கும் மனதில் படம் வரும். நான் கலெக்டர் ஆபீஸ் வழக்குப் பிரிவில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். ஒரே ஒரு மாவட்டத்தின் வழக்குகளுக்கே எங்களுக்கு ஆள் போதாது. அப்போது ஒரு மாகாணத்துக்கு எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்வி வேலையில் இருந்த காலத்திலேயே உண்டு. ரிட்டயர் ஆன பிறகுதான் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது.

படித்ததில் தெரிந்தது இதுதான். அப்படி ஓர் ஆபீஸே கிடையாது. இருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அரசாங்கத்தின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல், கவர்ன்மெண்ட் பிளீடர், பப்ளிக் பிராசிக்யூட்டர், கிரவுன் பிராசிக்யூட்டர், கவர்ன்மெண்ட் சாலிசிட்டர். இவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தவர்கள் இல்லை. அட்வகேட் ஜெனரல் பெயருக்குத் தலைவர். ஆனால் கவர்ன்மெண்ட் பிளீடருக்கு லீவு சாங்ஷன் செய்வதும் மெமோ கொடுப்பதும் அவர் வேலை இல்லை. அரசாங்க வேலை போக, சொந்தக் கட்சிக்காரர்களும் இவர்களுக்கு உண்டு. வெள்ளைக்கார அரசாங்கம் தன் சட்ட வேலையைத் துறையாக அமைக்கவில்லை. கோர்ட்டில் நல்ல பிராக்டிஸ் உள்ளவர்களைப் பார்த்து வாடிக்கையாக அமர்த்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஏன் இத்தனை பெயர்கள்? ஒரே ஒரு சட்ட அதிகாரி போதாதா? அதற்கு ஹைகோர்ட் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். 1801இல் வந்த சுப்ரீம் கோர்ட் ராஜாவின் கோர்ட். மெட்ராஸ் நகர எல்லைக்குள் இங்கிலீஷ் சட்டம், இங்கிலாந்தில் படித்த பாரிஸ்டர்கள், அவர்களுக்குக் கேஸ் கட்டு தயார் செய்து கொடுக்கும் அட்டர்னிகள். சதர் அதாலத் கம்பெனியின் கோர்ட். ஜில்லாக்களிலிருந்து வரும் அப்பீல்கள் அங்கே, வாதாடுகிறவர்கள் வக்கீல்கள். 1862இல் இரண்டையும் சேர்த்து ஹைகோர்ட் ஆக்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் கோர்ட் திறந்தது. சேர்த்தார்களே தவிர ஒன்றாகக் கலக்கவில்லை. பழைய சுப்ரீம் கோர்ட் ‘ஒரிஜினல் சைடு’ ஆனது, பழைய சதர் ‘அப்பெல்லேட் சைடு’ ஆனது.

அரசாங்கத்தின் வக்கீல்களும் அந்தப் பிரிவினையை ஒட்டியே பிரிந்தார்கள். நகரத்துக்குள் அரசாங்கத்தின் மேல் சிவில் வழக்கு வந்தால் கவர்ன்மெண்ட் சாலிசிட்டர் கட்டு தயார் செய்வார், அட்வகேட் ஜெனரல் நின்று பேசுவார். ஹைகோர்ட் செஷன்ஸில் ஜூரி முன்னால் கொலை வழக்கு நடந்தால் கிரவுன் பிராசிக்யூட்டர். தஞ்சாவூரிலிருந்தோ கடப்பையிலிருந்தோ சிவில் அப்பீல் வந்தால் கவர்ன்மெண்ட் பிளீடர், கிரிமினல் அப்பீல் வந்தால் பப்ளிக் பிராசிக்யூட்டர். இந்தக் கடைசி இரண்டும் சில சமயம் ஒரே ஆளிடம் இருந்தன. ஜில்லாக்களிலும் அப்படித்தான், ஊரில் கொஞ்சம் பெயரெடுத்த வக்கீலே இரண்டையும் பார்ப்பார். இன்றைக்கும் ஹைகோர்ட் காரிடாரில் ‘இது ஜி.பி. கேஸா, பி.பி. கேஸா’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

இவர்களில் அட்வகேட் ஜெனரல் மட்டும் தனி ஜாதி. மற்றவர்களை மெட்ராஸ் கவர்ன்மெண்ட் வைத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் மாற்றும். அட்வகேட் ஜெனரலுக்கு நியமனம் லண்டனிலிருந்து வர வேண்டும், ராஜாவின் கையெழுத்தோடு. 1915 இந்திய அரசாங்கச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. வங்காளம், மெட்ராஸ், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும்தான் அப்படி ஒருவர். இங்கிலாந்தில் அட்டர்னி ஜெனரல் ராஜாவுக்காக என்னென்ன நடவடிக்கை எடுக்கலாமோ அதையெல்லாம் இங்கே இவர் எடுக்கலாம். சட்டசபையிலும் நாற்காலி உண்டு. 1861 சட்டப்படி கவர்னரின் சட்டசபைக்கு நியமிக்கப்படுகிறவர்களில் அட்வகேட் ஜெனரல் ஒருவர். சட்டம் செய்யும்போதும் உட்கார்ந்திருப்பார், அதே சட்டத்துக்காகக் கோர்ட்டிலும் வாதாடுவார்.

அந்த ‘ராஜாவுக்காக’ என்பதற்கு நம்மூர் உதாரணம் ஒன்று இருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் என்று உயில் எழுதி வைத்த சொத்து, அவருக்குப் பிறகு உரிமை கொண்டாடியவர்கள் கைக்குள் சிக்கி வழக்கில் வருஷக்கணக்காகக் கிடந்தது. தர்மச் சொத்துக்கு வாரிசு கிடையாது, அதற்காகக் கேட்க ராஜாதான் உண்டு, ராஜாவுக்காக அட்வகேட் ஜெனரல் என்பது இங்கிலீஷ் வழக்கம். அந்த வழியில்தான் விஷயம் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு முடிவுக்கு வந்தது. கால் நூற்றாண்டு அந்தப் பதவியில் இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் கடைசி வரை விடவில்லை. வட்டியோடு லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்ட பணத்தில், கோயில் கட்டளைகளுக்குப் போக மிஞ்சியதைப் படிப்புக்குத் திருப்பினார்கள். 1842இல் பள்ளிக்கூடம் வந்தது, 1850இல் எஸ்பிளனேடில் பச்சையப்பன் ஹால் வந்தது. அந்த ஹாலின் கிரேக்கத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பச்சையப்பன் கல்லூரியில் படித்த யாராவது இதைப் படித்தால், உங்கள் படிப்புக்கு அட்வகேட் ஜெனரலின் கைங்கரியமும் உண்டு.

அந்த அதிகாரம் பிறகு சிவில் புரொசீஜர் கோடிலேயே ஏறிவிட்டது. 1908 கோடின் 92ஆம் பிரிவில் பொது தர்மம் பற்றிய வழக்கை அட்வகேட் ஜெனரல் போடலாம், அல்லது அவருடைய சம்மதம் வாங்கி இரண்டு பேர் போடலாம் என்று இருந்தது. நகரத்துக்கு வெளியே அந்தச் சம்மத அதிகாரத்தைச் சர்க்கார் அனுமதியோடு கலெக்டர் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 93. இதைக் கவனியுங்கள். மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒருவர் போதவில்லை. அவருக்கு உதவியாக இன்னும் நாலு வக்கீல்களைப் போடுவதற்குப் பதிலாக, வேலையைத் தூக்கிக் கலெக்டர் தலையில் கட்டினார்கள். கலெக்டர் ஆபீஸில் இருந்தவளாக இதை நான் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

கிரிமினல் பக்கத்திலும் அவர் கையில் சில சாவிகள் இருந்தன. ஹைகோர்ட் செஷன்ஸில் நடக்கும் வழக்கை, ஜூரி தீர்ப்புச் சொல்வதற்கு முன் எந்தக் கட்டத்திலும் ‘இதற்குமேல் நடத்தவில்லை’ என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஹைகோர்ட்டை அமைத்த ராஜ சாசனமான லெட்டர்ஸ் பேட்டண்டின் 26ஆம் ஷரத்துப்படி, செஷன்ஸ் ஜட்ஜ் சட்டப் பிரச்சினை ஒன்றைத் தப்பாக முடிவு செய்திருக்கிறார், மறுபடி பார்க்க வேண்டும் என்று அட்வகேட் ஜெனரல் சர்டிஃபிகேட் கொடுத்தால் ஹைகோர்ட் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கும். குற்றம் சாட்டும் தரப்பின் தலைவரே குற்றவாளிக்குக் கதவு திறந்துவிடும் ஏற்பாடு!

அப்படித் திறந்த ஒரு கதவு லண்டன் வரை போயிற்று. சுப்பிரமணிய ஐயர் என்ற ஒருவர் மேல் மெட்ராஸ் செஷன்ஸில் வழக்கு. இரண்டு வருஷ காலத்தில் நடந்ததாகச் சொன்ன 41 செயல்களை ஒரே விசாரணையில் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டமோ ஒரே மாதிரியான மூன்று குற்றங்கள் வரை, அதுவும் ஒரு வருஷத்துக்குள் நடந்தவை என்றால் மட்டுமே சேர்த்து விசாரிக்கலாம் என்றது. சர்டிஃபிகேட்டின் பேரில் ஹைகோர்ட் பார்த்தது. வேண்டாததைக் கழித்துவிட்டு மிச்சத்தின் பேரில் தண்டனையை உறுதி செய்தது. 1901இல் லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில், இது ஏதோ சின்ன முறைகேடு இல்லை, விசாரணையே சட்ட விரோதம் என்று தண்டனையை ரத்து செய்தது. குற்றச்சாட்டுகளைத் தப்பாகச் சேர்ப்பது பற்றிப் பேச வந்தால் இந்தியா முழுக்க இந்தத் தீர்ப்பைத்தான் பல காலம் எடுத்துக் காட்டினார்கள். குற்றப்பத்திரிகையை நீட்டி எழுதினால் கேஸ் பலமாகிவிடும் என்று நம்புகிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு.

சரி, இந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்?

ரொம்ப காலம் வெள்ளைக்கார பாரிஸ்டர்கள்தான். ஜார்ஜ் நார்ட்டனுக்கு அப்புறம் சில வருஷங்கள் கழித்து ஜான் புரூஸ் நார்ட்டன், பிராக்டிஸில் பேர்போன எர்ட்லி நார்ட்டனின் அப்பா. வக்கீல்கள் என்றால் பாரிஸ்டர்களுக்கு ஒரு படி கீழே என்பது அன்றைய எண்ணம். சங்கமும் தனித்தனி. பாரிஸ்டர்களுக்கு மெட்ராஸ் பார் அசோசியேஷன், வக்கீல்களுக்கு 1889இல் வக்கீல்கள் சங்கம். ஆனால் அப்பெல்லேட் சைடில் நிலைமை வேறு. இந்து சட்டம், ஜமீன், இனாம், மிராசு, குடிவாரம் என்று வருகிற வழக்குகளில் மயிலாப்பூர் வக்கீல்களோடு மோத லண்டன் படிப்பு மட்டும் போதவில்லை. அதனால் முதலில் இளகியது கவர்ன்மெண்ட் பிளீடர் பதவி. 1888இல் எஸ். சுப்பிரமணிய ஐயர் அதில் உட்கார்ந்தார், அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். (மேலே சொன்ன வழக்குக்காரர் இல்லை, இவர் பிறகு ஹைகோர்ட் ஜட்ஜ் ஆன மணி ஐயர்.)

அட்வகேட் ஜெனரல் பதவி இளகிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நிரந்தர நியமனம் லண்டனிலிருந்து வர வேண்டும். ஆனால் இடம் காலியானாலோ இருப்பவர் லீவில் போனாலோ, அடுத்தவர் வரும்வரை ஆக்டிங் போட்டுக்கொள்ள மெட்ராஸ் கவர்ன்மெண்டுக்கே அதிகாரம் உண்டு. 1897இல் வி. பாஷ்யம் ஐயங்கார் அந்த வழியில்தான் உள்ளே வந்தார், ஆக்டிங் அட்வகேட் ஜெனரலாக. இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்காத, பி.எல். முடித்த வக்கீல். அடுத்து ஆர்னால்டு வைட் வந்தார். அவர் 1899இல் தலைமை நீதிபதி ஆனதும் மறுபடி பாஷ்யம் ஐயங்கார், மறுபடி ஆக்டிங். அப்புறம் ஜான் வாலிஸ் வந்தார். அவரும் பின்னால் தலைமை நீதிபதி. பாஷ்யம் ஐயங்கார் 1901இல் ஹைகோர்ட் ஜட்ஜாகப் போனார். அவர் திறமைமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு தடவை அந்த வேலையைச் செய்யவிட்டார்கள், அது அவருடையது என்று மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. ஹைகோர்ட் வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

சர்வீஸில் இருந்தவர்களுக்கு இது புரியும். ‘முழு கூடுதல் பொறுப்பு’ என்று ஒரு ஆர்டர் போட்டுவிட்டு, பதவி உயர்வு பேனலைத் தூங்க வைப்பார்கள். வேலை நடந்துவிடும், உரிமை வராது.

ஆனாலும் ஒருதரம் திறந்த கதவை முழுக்கச் சாத்த முடியவில்லை. பப்ளிக் பிராசிக்யூட்டராக இருந்த சங்கரன் நாயர் 1907இல் அந்த இடத்துக்கு வந்தார், பிறகு ஜட்ஜ் ஆனார். அடுத்து பி.எஸ். சிவசாமி ஐயர். அவர் 1912இல் கவர்னரின் நிர்வாகக் கவுன்சிலுக்குப் போனார். 1916இலிருந்து எஸ். ஸ்ரீனிவாச ஐயங்கார், 1920இலிருந்து சி.பி. ராமசாமி ஐயர், அவருக்குச் சற்றுப் பின்னால் டி.ஆர். வெங்கடராம சாஸ்திரி. கல்கத்தாவில் எஸ்.பி. சின்ஹா அந்த ஊர் அட்வகேட் ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். அதுவும் 1900க்குப் பிறகுதான். மெட்ராஸ் இதில் முந்திக்கொண்டது. பெயர்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கதவு திறந்தது பெரும்பாலும் மயிலாப்பூர் பிராமண வக்கீல்கள் பக்கமாகத்தான். ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள் அந்தக் காலத்தில் உத்தியோகக் கணக்கெடுத்துக் கோபப்பட்டதற்கு இந்த வரிசையும் ஒரு சாட்சி.

அரசாங்கத்தின் பார்வையில் இந்தப் பதவி ஒரு ஏணி. இதில் ஏறினால் ஜட்ஜ் அல்லது கவுன்சில் மெம்பர். ஏணியின் நடுவிலிருந்து குதித்தவர் ஸ்ரீனிவாச ஐயங்கார் ஒருவர்தான். ஜாலியன்வாலா பாக்குக்குப் பிறகு, 1920இல் பதவியை விட்டார். சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1926 குவாஹாட்டி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். ராஜாவுக்காக வாதாடிய வாய் அது!

மேலே இவ்வளவு போதும். கீழே என்ன நடந்தது என்பதுதான் என் துறை.

1858க்குப் பிறகு அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுவதென்றால் பிரதிவாதி பெயர் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஃபார் இந்தியா இன் கவுன்சில்’. லண்டனில் இருக்கும் மந்திரி. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒருவர் தன் வேலிக்கு வெளியே கிடக்கும் புறம்போக்கு தன்னுடையது என்று தாவா போட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் லண்டன் மந்திரி, ‘திருநெல்வேலி கலெக்டர் மூலமாக’. அந்த ‘மூலமாக’வில்தான் முழு வேலையும் இருக்கிறது. தாவா போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், சிவில் புரொசீஜர் கோடின் 80ஆம் பிரிவு. நோட்டீஸ் கலெக்டருக்கு வரும். அவர் தாசில்தாருக்கு அனுப்புவார். தாசில்தார் ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு, அவர் கிராமக் கணக்குப்பிள்ளையான கர்ணத்துக்கு. கர்ணம் அடங்கலையும் சர்வே படத்தையும் பார்த்து எழுதிக் கொடுப்பது அதே வழியில் ஹுசூர் ஆபீஸுக்கு, அதாவது கலெக்டர் ஆபீஸுக்கு, ஏறி வரும். பெரிய விஷயம் என்றால் ரெவின்யூ போர்டு, அதற்கும் மேலே கவர்ன்மெண்ட். இதெல்லாம் முடிந்து ஒரு கட்டு கவர்ன்மெண்ட் பிளீடர் கைக்குப் போகும். அவர் செய்வது கடைசி வேலை.

அந்தக் கட்டில் எத்தனை பாஷை! தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், கஞ்சாமிலிருந்து ஒரியா, தஞ்சாவூர் அரண்மனை விவகாரம் என்றால் மோடி என்ற பழைய எழுத்தில் மராத்தி. எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றி, அச்சடித்துத்தான் அப்பீல் நடக்கும். ஹைகோர்ட்டில் இதற்கென்றே மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள் சட்ட அதிகாரிகள் கணக்கில் வரமாட்டார்கள். பக்கக் கணக்குக்குக் கூலி வாங்கி நகல் எழுதிய செக்‌ஷன் ரைட்டர்களும் வரமாட்டார்கள். கர்ணம் வரவே மாட்டார். ஆனால் 1865 தண்ணீர்த் தீர்வைச் சட்டத்தின் கீழ் ஒரு ஜமீன்தார் ‘இந்த வாய்க்கால் தண்ணீர் என் உரிமை’ என்று வழக்குப் போட்டால், பழங்காலத்தில் எந்த மதகில் எவ்வளவு பாய்ந்தது என்று சொல்ல அட்வகேட் ஜெனரலால் முடியாது, கணக்குப்பிள்ளையின் காகிதத்தால்தான் முடியும். உர்லாம் ஜமீன் வழக்கு அப்படிப்பட்டதுதான். பிரிவி கவுன்சில் வரை போய் 1917இல் அரசாங்கம் தோற்றது.

என் காலத்திலும் கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்ததைத் தவிர இந்தப் பாதையில் பெரிய மாற்றம் இல்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் மெட்ராஸ் வந்து, ஹைகோர்ட்டில் ஜி.பி. ஆபீஸ் ரூம் வாசலில் நின்றால், குமாஸ்தா சிவப்பு நாடாவை அவிழ்த்து முதலில் பாராவைஸ் ரிமார்க்ஸைத்தான் தேடுவார். மனுவில் 23 பாரா இருக்கும், நம்மிடம் 21க்குத்தான் பதில் இருக்கும். ‘மேடம், பாரா 14க்கு எங்கே?’ என்பார். தாசில்தார் 13ஐயும் 14ஐயும் சேர்த்து எழுதியிருப்பார். ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஃபைலின் ஆபீஸ் காப்பியைப் பார்த்து, அந்த பாராவுக்கு நானே ஒரு பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அது கவுண்டர் என்கிற பதில் மனுவில் டைப் ஆகி, அரசின் நிலைப்பாடாகக் கோர்ட்டில் வாசிக்கப்படும்.

எனக்குத் தோன்றுவது, வெள்ளைக்காரர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். சம்பளத்துக்கு ஐம்பது வக்கீல்களை வைத்துக்கொண்டால் செலவு. மேலே ஐந்து பேர், கீழே ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ரெவின்யூ ஆட்கள் என்று வைத்தால் வழக்குச் செலவு பட்ஜெட்டில் தெரியாது. வங்காளம், பம்பாய்ப் பக்கம் லீகல் ரிமெம்பரான்ஸர் என்று ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியை வைத்துக் காகிதங்களை ஒரு மேஜைக்கு வரவழைத்தார்கள். அந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. கோர்ட்டில் பேசுகிறவர் வேறு, ஃபைலுக்குப் பொறுப்பானவர் வேறு என்று ஆகிவிட்டால், பாரா 14 காணாமல் போனதற்கு யாரையாவது கேட்கலாம்.

1935 இந்திய அரசாங்கச் சட்டத்தின் 55ஆம் பிரிவு வந்தபோது எல்லா மாகாணத்துக்கும் அட்வகேட் ஜெனரல் உண்டு என்றாயிற்று. லண்டன் கையெழுத்து போய், கவர்னர் நியமிக்கலாம் என்றாயிற்று. ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகத் தகுதி வேண்டும், கவர்னர் விரும்பும்வரை பதவி. அந்த நியமனத்தையும் நீக்கத்தையும் கவர்னர் தன் சொந்த முடிவாகச் செய்ய வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். மந்திரிகளைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. இதன் விளைவை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் விஷயத்தில் பார்க்கலாம். அவர் 1929இல் வந்தார். 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்தது, அல்லாடி இருந்தார். 1939இல் மந்திரிசபை ராஜினாமா செய்து கவர்னர் ஆட்சி வந்தது, அப்போதும் இருந்தார். 1944 வரை அதே நாற்காலி. பிறகு அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் உட்கார்ந்தார்.

அந்தச் சட்டத்தின் 165ஆவது ஷரத்தில் பழைய 55ஆம் பிரிவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, ‘சொந்த முடிவு’ மட்டும் இல்லை. கவர்னர் மந்திரிசபை சொல்கிறபடி நியமிக்கிறார். அதனால் இப்போது தேர்தல் முடிவு வந்து ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவார், பின்னாலேயே கவர்ன்மெண்ட் பிளீடர்கள் பட்டியலும் மாறும். புதியவர்கள் வந்து பொறுப்பேற்கும் வரை பாதி கேஸ்களில் வாய்தாதான். அந்த இடைவெளியில் எங்கள் பிரிவில் நாங்கள் செய்த ஒரே காரியம், எந்தெந்தக் கட்டு எந்த வக்கீல் வீட்டில் இருக்கிறது என்று ஒரு லிஸ்ட் எடுத்து, போன் போட்டுத் திரும்பக் கேட்டது.